முட்டை அட்டையின் அடிப்பக்கம்

இங்கிலாந்தில் மார்க்கம் லீ என்ற ஊரில் நார்மன் விட்லாக்கிடம் கார் ஓட்டும் தேர்வு கொடுத்து, முதல் தடவையே தேறியவர்கள் மிகக் குறைவு. வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் யாராவது ஒருவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அந்த ஆள் எதைப் பார்க்கவில்லை என்று குறித்துக்கொண்டே இருந்தார். பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை. சைக்கிளில் வந்த பாதிரியாரைப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அந்துப்பூச்சி பார்க்க ஆரம்பித்தார். உருப்படியாக எதையாவது செய்திருக்கலாம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த வேலைக்குத் தேவையானது ஒரு மரப்பெட்டி, அதன் மேல் கண்ணைப் பறிக்கும் ஒரு விளக்கு, உள்ளே முட்டை வைத்து விற்கும் குழிக்குழியான அட்டைகள். வெளிச்சத்துக்கு வந்து விழும் பூச்சி அட்டையின் குழிக்குள் ஒடுங்கிக் காலை வரை தூங்கும். காலையில் ஒவ்வோர் அட்டையாக எடுத்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி எழுதிவிட்டு, செடிகளுக்குள் விட்டுவிட வேண்டியதுதான். யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, நார்மன் விளக்குச் சூட்டில் கஞ்சா வளர்க்கிறார் என்று போலீசுக்குப் போன் போட்டார். வந்த போலீஸ்காரப் பெண்ணை உட்கார வைத்து நார்மன் பூச்சிகளைப் பற்றி விளக்கினார். கஞ்சாவே இருந்திருக்கலாம் என்று அந்தப் பெண் கிளம்பும்போது நினைத்திருப்பாள் என்பது பெரிலின் கட்சி. பெரில் அவருடைய மனைவி.

கோடையில் வரும் பூச்சிகள் சுலபம். இளஞ்சிவப்பு, பச்சை, புலிக்கோடு என்று கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல உடுத்திக்கொண்டு வரும். இலையுதிர் காலத்துப் பூச்சிகள்தான் மனிதனின் மானத்தை வாங்கும். எல்லாமே உதிர்ந்த இலை நிறம். ஒரு பழுப்புக்கும் இன்னொரு பழுப்புக்கும் நடுவில் ஒரு கோடு வளைந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்பதில்தான் பெயரே இருக்கிறது. மூன்று வகைகளையோ வயிற்றை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஒழியப் பிரித்துச் சொல்லவே முடியாது. நார்மன் தன் முதல் இலையுதிர் காலத்தில் ஓர் அபூர்வமான மஞ்சள் பூச்சியைப் படம் எடுத்து, கவுண்டி என்கிற அந்த மாவட்டம் முழுமைக்கும் அந்துப்பூச்சிப் பதிவுகளைச் சரிபார்க்கும் கிளெண்டா ஸ்டோக்ஸுக்கு அனுப்பினார். கிளெண்டா பெரிய நிபுணர், பேச்சில் கஞ்சம். "நல்ல இலை. பிர்ச் மரத்துது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை நார்மன் அச்செடுத்து, கழிப்பறைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார். தன்னைத் தானே கேலி செய்துகொண்டால் அடுத்தவர் செய்வதற்கு மிச்சம் இருக்காது என்பது அவர் கணக்கு.

ஆனால் கேலி செய்ய முடியாத ஆசை ஒன்று அவருக்கு இருந்தது. நீலக் கீழிறகு. உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் பூச்சி. மூடி உட்கார்ந்திருந்தால் சாம்பல் நிற மரப்பட்டை, அவ்வளவுதான். தொந்தரவு செய்தால் மேலிறகை நகர்த்தும். அடியில் கறுப்பு, கறுப்புக்கு நடுவில் புகைபடிந்த நீலத்தில் ஒரு பட்டை. இங்கிலாந்தை விட்டே போய்விட்டிருந்த பூச்சி திரும்ப வந்து ஒவ்வொரு கவுண்டியாகப் பரவிக்கொண்டிருந்தது. எல்லோர் வீட்டுக்கும் வந்தது. கிளெண்டாவின் குளியலறைக்குள் வந்தது. பூச்சிப்பெட்டியே வைத்திராத கீத் என்பவன் மதுக்கடைச் சுவரில் பார்த்துவிட்டு, கையில் பீர்க் கோப்பையோடு படம் எடுத்து அனுப்பினான். நார்மன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. பூச்சியை இழுக்கப் பழைய சர்க்கரைப்பாகில் ரம்மைக் கலந்து தோட்டத்து மரங்களுக்கெல்லாம் பூசிப் பார்த்தார். நத்தைகள் வந்து குடித்துவிட்டுப் போயின. தன் தோட்டத்தில், தன் பெயரில், ஒரே ஒரு நீலம். அது நடந்தால் போதும் என்று அவர் நிஜமாகவே ஏங்கினார். வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால் அதைப் பற்றி மட்டும் ஜோக் அடிப்பதில்லை.

இந்த விஷயத்தில் பெரில் அவருக்கு உதவாமல் இல்லை. பெரிதாக எதைப் பார்த்தாலும் கூப்பிடுவாள். ஒரு தடவை நார்மன் குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு ஓடிவந்து பார்த்தால், வேலியில் சிக்கிய சிப்ஸ் பாக்கெட். இன்னொரு தடவை காட்டுக்காக்கையின் இறகு. அதற்கப்புறம் அவள் சொல்வதை அவர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார். நம்பாமல் இல்லை. தேர்வாளர் அல்லவா, மதிப்பெண் போட்டுவிட்டார்.

ஹாக்லி காட்டில் பொதுமக்களுக்குப் பூச்சி காட்டும் நாளுக்கு முந்தின காலை. காடு என்றால் ஊருக்கு வெளியே பாப்லர் மரங்களும் சதுப்புமாக இருக்கும் சின்ன இயற்கைச் சரணாலயம். அங்கே பெட்டி வைக்கும் பொறுப்பை கிளெண்டா அந்த வருடம்தான் நார்மனை நம்பிக் கொடுத்திருந்தார். நார்மன் வீட்டுத் தோட்டத்துப் பெட்டியைப் பார்த்து முடித்து, அட்டைகளைக் குப்பைத்தொட்டி பக்கத்தில் அடுக்கிவிட்டு, ஒரு பழுப்புப் பூச்சியை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, புத்தகத்துக்குள் மூக்கை நுழைத்திருந்தார். பெரில் உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டப் போனவள் திரும்பி வந்தாள்.

"நார்மன், அந்த ராபின் குருவி ஒரு பெரிய பூச்சியைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. துண்டால விரட்டிவிட்டேன். பூச்சி உள்பாவாடை நல்ல நீலம்."

"சிவப்பா இருக்கும்" என்றார் நார்மன், தலையைத் தூக்காமல்.

"நீலம். சிவப்பு எனக்குத் தெரியாதா?"

"சிவப்புக் கீழிறகுன்னு ஒண்ணு இருக்கு பெரில். அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் நீலம்னு நினைக்கிறாங்க."

இறக்கை ஓரம் கிழிந்துவிட்டது, பாவம், நடந்து போய் அட்டை அடுக்குக்குள் நுழைந்துகொண்டது என்று பெரில் சொன்னாள். நார்மன் "ம்" என்றார். அந்தப் பழுப்பின் கோடு வளைந்திருந்தது போலவும் இருந்தது, நேராக இருந்தது போலவும் இருந்தது. அது என்ன பூச்சி என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அட்டை அடுக்கை அப்படியே அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு ஹாக்லி காட்டுக்குப் போனார். அங்கே சாமான் வைக்கும் குடிசைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். அட்டைகளை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் முன் இரண்டு பக்கமும் பார்த்து, உதறி, சுத்தமாக இருக்கிறதா என்று உறுதி செய்யவும். ஓர் இடத்துப் பூச்சி இன்னோர் இடத்துப் பதிவில் ஏறிவிட்டால் பதிவு முழுவதும் பாழ். அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியவர் நார்மன்தான். வசந்தத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அட்டையை உதறுவது எப்படி என்று செய்தே காட்டியிருந்தார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அன்று கதவைத் திறக்கும்போது கூட நினைத்தார். பிறகு அட்டைகளைப் பெட்டிக்குள் செருகி, விளக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் காலை நல்ல கூட்டம். எல்லோர் காலிலும் ரப்பர் பூட்ஸ், கையில் டீ. சரணாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓவன் என்ற வேல்ஸ் இளைஞன் மடக்கு மேஜை போட்டிருந்தான். பெரில் எலுமிச்சை கேக்கோடு வந்திருந்தாள். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற திருமதி பியூ, நார்மனிடம் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்று, கடைசியில் வேறு ஊரில் போய் லைசன்ஸ் வாங்கியவர். கிளெண்டா ஒதுங்கி நின்றிருந்தார். அவர் வந்ததே நார்மனுக்குப் பரீட்சை மாதிரி இருந்தது.

நார்மன் அட்டைகளை எடுக்க ஆரம்பித்தார். மஞ்சள் இலை மாதிரி ஒன்று. பாசி மாதிரி பச்சையில் ஒன்று, அதற்குக் கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு. பிறகு பழுப்பு, பழுப்பு, பழுப்பு. இது என்ன என்று யாரோ கேட்டபோது, இதற்குப் பெயர் சொன்னால் கிளெண்டா என்னை இலை பொறுக்க அனுப்பிவிடுவார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த அட்டையைத் திருப்பினார். அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மரப்பட்டை எப்படி இங்கே வந்தது என்று விரலால் தொட்டார். அது இறகை விரித்தது.

கூட்டம் மேஜையை நெருங்கி வந்தது. கிளெண்டா முன்னால் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு நார்மனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் யாருடைய கையையும் குலுக்கி அந்தக் கவுண்டி பார்த்ததில்லை. ஹாக்லி காட்டில் இதுதான் முதல் தடவை, வாசல் அறிவிப்புப் பலகையில் நார்மன் பெயரோடு போடுகிறேன் என்றான் ஓவன். நார்மனுக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்.

பூச்சி சட்டைப் பொத்தானுக்குக் கிட்டே இருந்ததால் அப்போதுதான் பார்த்தார். வலது கீழிறகின் ஓரத்தில், நீலப்பட்டை வரைக்கும், முக்கோணமாக ஒரு கிழிசல். குருவி அலகு அளவு.

துண்டால விரட்டிவிட்டேன். நல்ல நீலம். அட்டை அடுக்குக்குள் நுழைந்துகொண்டது. ஒவ்வொரு சொல்லும் இப்போதுதான் காதில் விழுகிற மாதிரி விழுந்தது. உதறாத அட்டை. தன் வீட்டுக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து, தன் காரில், தன் கையால் கொண்டுவந்த பூச்சி. பல வருடங்களாகக் காத்திருந்த நீலம் தன் தோட்டத்துக்கு வந்திருக்கிறது. அது வந்தபோது இவர் ஒரு பழுப்பின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனசு உடனே வக்கீல் வைத்துக்கொண்டது. இறகு எங்கே வேண்டுமானாலும் கிழியும். ராபின் குருவி இல்லாத இடம் இங்கிலாந்தில் எங்கே இருக்கிறது. பாப்லர் மரம் இருக்கும் காட்டில் நீலம் வருவது நியாயம்தானே, பாப்லரைத் தின்றுதானே அதன் புழுவே வளர்கிறது. ஓவனுக்குச் சந்தோஷம், கிளெண்டாவுக்குச் சந்தோஷம், பலகையில் பெயர். யாருக்குத் தெரியப்போகிறது. தெரிந்த ஒரே ஆள் கேக் வெட்டும் கத்தியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

பெரில் குனிந்து பூச்சியைப் பார்த்தாள். கிழிசலைப் பார்த்தாள். பிறகு அவர் காதோரம், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மெல்லச் சொன்னாள்.

"நம்ம வீட்டுக்கு வந்த பூச்சியும் இப்படியே கிழிஞ்சிருந்துச்சு, நார்மன். எல்லாத்துக்கும் அங்கதான் கிழியுமோ? ஆனா நீ சொன்ன மாதிரி அது சிவப்பாத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் நீலமாத் தெரிஞ்சிருக்கு."

அவள் குத்திக் காட்டியிருந்தால் நார்மன் சமாளித்திருப்பார். குத்திக் காட்டவே இல்லை. எதிரில், அதே பூச்சி, அதே கிழிசல். அப்படியும் தன் கண்ணை நம்பாமல் அவர் சொன்னதை நம்பிக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரம் அவளைப் பழக்கி வைத்திருக்கிறோமே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. இலையைப் பூச்சி என்று அனுப்பியபோது இந்த அவமானம் வரவில்லை. அது கழிப்பறையில் மாட்டக்கூடிய அவமானம். இது வேறு.

"கிளெண்டா, குலுக்கின கையைத் திருப்பி வாங்கிக்கங்க" என்றார் நார்மன். "இது காட்டுப் பூச்சி இல்ல. எங்க வீட்டுலேர்ந்து என் அட்டையில ஏறி வந்திருக்கு. நான் அட்டையை உதறல."

கூட்டம் புரியாமல் நின்றது. புரிந்ததும் முதல் ஆளாகக் குடிசைக் கதவைத் திரும்பிப் பார்த்தவர் திருமதி பியூதான். அங்கே ஒட்டியிருந்ததை ஒரு வரி விடாமல், நிதானமாக, உரக்கப் படித்தார்.

"பின்கண்ணாடி பாக்கலன்னு என்னைய எத்தனை தடவை பெயில் ஆக்கினீங்க, மிஸ்டர் விட்லாக்?" என்று கேட்டார். "இதுக்கு என்ன மார்க்கு?"

"உடனே வண்டியை நிறுத்தச் சொல்லி இறக்கிவிட்டிருப்பேன்" என்றார் நார்மன். சிரிப்பு அடங்க நேரம் ஆனது. ஓவன் மட்டும் சிரிக்கவில்லை, பாவம், பலகையில் போட அதற்குள் செய்தி அனுப்பிவிட்டோமே என்ற கவலை அவனுக்கு.

கிளெண்டா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஹாக்லி காட்டுப் பதிவு கிடையாது என்றார். நார்மன் அதை எதிர்பார்த்திருந்தார். ஆனால் அவர் மனசின் ஒரு மூலையில், வெட்கமே இல்லாமல், வேறொன்று எட்டிப் பார்த்தது. காட்டுப் பதிவு இல்லை என்றால் தோட்டத்துப் பதிவு ஆகுமே. தன் தோட்டம். தன் பெட்டி. மானம் கப்பலேறினாலும் நீலம் மிஞ்சுமே.

"யாரு பாத்தது, எங்க, என்னிக்கு" என்று கேட்டார் கிளெண்டா. "எனக்கு அது மூணும் போதும்."

"எங்க தோட்டம். நேத்துக் காலையில. பெட்டி என்னோடது" என்றார் நார்மன், அவசரமாக.

"பெட்டியைக் கேக்கல. பாத்தது யாரு?"

நார்மன் பெரில் பக்கம் கையைக் காட்டினார். பெரில் கத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். கிளெண்டா அவளைப் பக்கத்தில் அழைத்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லச் சொன்னார். பெரில் முதலில் தயங்கினாள், நார்மனின் முகத்தைப் பார்த்தாள். நார்மன் சொல்லு என்று தலையசைத்தார். அப்புறம் அவள் சொன்னாள். எங்கள் அம்மா வைத்திருந்த எனாமல் தட்டின் ஓரத்தில் இருக்குமே, தேய்த்துத் தேய்த்து மங்கிய நீலம், அந்த நீலம். குருவி வலது பக்கத்தைத்தான் பிடித்து இழுத்தது. பூச்சி பறக்கவில்லை, கிழவி மாதிரி நடந்து போய் மேலிருந்து இரண்டாவது அட்டைக்குள் போனது. கையிலிருந்த துண்டைப் போட்டு மூடலாமா என்று கூட நினைத்தேன்.

"ஏத்துக்கிட்டாச்சு" என்றார் கிளெண்டா. "பெரில் விட்லாக், வீட்டுத் தோட்டம். நல்லாப் பாத்திருக்கீங்க."

நல்லாப் பாத்திருக்கீங்க என்ற அந்த வார்த்தைக்காக நார்மன் எத்தனையோ வருடம் பழுப்புப் பூச்சிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அது அவர் தோளைத் தாண்டிப் போய்ப் பெரில் மேல் விழுந்தது. பெரிலின் முகம் சிவந்துவிட்டது. எல்லோருக்கும் கேக்கைப் பெரிது பெரிதாக வெட்டிக் கொடுத்தாள். திருமதி பியூவுக்கு இரண்டு துண்டு. நார்மனுக்குப் பொறாமை இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் அப்படிச் சிவந்து அவர் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. பொறாமைக்கு நடுவிலும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எடுத்த இடத்திலேயே விடவேண்டும் என்பது வழக்கம். ஆகவே பூச்சியை டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுபோனார்கள். பெரில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் நார்மன் பின்கண்ணாடியைத் தேவைக்கு மேல் பார்த்து ஓட்டினார். உன் பெயரும் பதிவில் வருமா என்று அவள் கேட்டாள். வராது என்றார். அப்படியானால் காரை நீ ஓட்டினாய் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லட்டுமா என்றாள். அவள் கேலி செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் பார்த்தார். கேலிதான்.

பொழுது சாயும்போது தோட்டத்து வேலிக்கம்பத்தில் அதை விட்டார்கள். பூச்சி கொஞ்ச நேரம் சாம்பலாக உட்கார்ந்திருந்தது. பிறகு உடம்பை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு, கிழிந்த இறகோடு, ஒரு பக்கம் சாய்ந்தாற்போலப் பறந்து ஆப்பிள் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெரில் அது போன திசையையே பார்த்தாள். ராபின் தூங்கப் போயிருக்கும் இல்லையா என்று கேட்டாள். போயிருக்கும் என்றார் நார்மன். அது அவருக்குத் தெரியாது, ஆனால் சொன்னார்.

அட்டைகளை ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் பார்த்து, உதறி, பெட்டியில் அடுக்கி விளக்கைப் போட்டார். பெரில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில அட்டையெல்லாம் நானே எடுத்துப் பாக்குறேன்" என்றாள். "நீ கஞ்சி போட்டு வை."

"அடிப்பக்கமும் பாக்கணும்" என்றார் நார்மன், பழக்க தோஷத்தில்.

பெரில் அவரை ஒரு பார்வை பார்த்தாள். நார்மன் சமையலறைக்குள் போய், காலைக்கு ஓட்ஸ் டப்பாவை எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்தார். உப்பு ஜாடியும் சர்க்கரை ஜாடியும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கல்யாணம் ஆன நாளிலிருந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவள் தன் கஞ்சியில் போட்டுக்கொள்வது இதையா, அதையா என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.